தேனும் நம் இல்லங்களும்

தமிழர் வாழ்வில் தேன் வெறும் உண்பொருளாக நின்றுவிடவில்லை. அது மருந்தாயிற்று, மேனிக்குப் பூச்சாயிற்று, வழிபாட்டுப் பொருளுமாயிற்று. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைத்த நான்கு பொருள்களுள் தேனும் ஒன்றெனப் புறநானூற்றில் கபிலர் கூறுகிறார். குறிஞ்சி நிலத்துக் கடவுளாகிய முருகனுக்கு இன்றும் தேன் முழுக்காட்டுச் செய்கிறோம். 1973-இல் குடமுழுக்குக் கண்ட நம் ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாதனை வணங்கும் நாம் அம்மரபின் வழிவந்தோரே அன்றோ!

சித்த மருத்துவத்தில் தேன் சிறந்ததோர் அனுபானம். இருமலுக்குத் திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்துண்பதை நம் தாய்மார் நன்கறிவர். புண்ணுக்குத் தேனிடும் முறையோ, கி.மு. 1600 அளவில் எழுதப்பெற்ற எகிப்திய மருத்துவ ஏட்டிலேயே காணப்படுகிறது. இதற்குக் காரணம் உண்டு. தேனிலுள்ள செறிந்த சர்க்கரை நீரை ஈர்த்துக்கொள்வதால் கிருமிகள் அதில் பெருக இயலா. அதன் புளிப்புத் தன்மையும் அவற்றை ஒடுக்கும்.

நீரை ஈர்க்கும் அப்பண்பே தோலுக்கும் துணையாகிறது. டெல்லிக் குளிரில் உதடு வெடித்தால் ஒரு துளி தேன் தடவலாம். பயற்றமாவைப் பாலிலும் தேனிலும் குழைத்து முகத்திற் பூசி, சற்று நேரங்கழித்துக் கழுவினால் வறட்சி தணியும். சிலருக்குத் தேன் ஒவ்வாது. ஆதலின் முதலில் முன்கையில் தடவிப் பார்த்தல் நன்று.

முற்காலத்தில் கூட்டைப் பிழிந்தே தேன் எடுத்தனர். புழுக்களும் உடன் மாண்டன. 1911-17 ஆண்டுகளில் பாதிரியார் நியூட்டன் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியைத் தென்னாட்டில் பரப்பினார். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் இத்தொழிலை வளர்த்தார். மார்த்தாண்டம் தேன் புகழ்பெற்றது இவ்வாறே. 1990-களின் தொடக்கத்தில் நோயொன்று தேனீக் கூட்டங்களைப் பெரிதும் அழித்தது. எனினும் அத்தொழில் மீண்டும் தலையெடுத்தது.

இன்றைய குறை கலப்படம். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 13 வணிகப் பெயர்களுள் மூன்றே எல்லாச் சோதனைகளிலும் தேறின. நிறுவனங்கள் சில அதனை மறுத்தன. நீரில் விட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனையை நம்பியிராமல், நம்பத்தக்க இடத்தில் வாங்குவதே தக்கது.

இறுதியாக, ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தேனில் சிற்சில வேளை பொட்டுலிசம் நோயின் நுண்விதைகள் இருத்தல் கூடும். பெரியோர் வயிற்றில் அவை முளைப்பது அரிது. சிசுவின் குடலிலோ முளைத்து நஞ்சு சுரந்து, தசைகளைத் தளர்த்தி, மூச்சையும் தடுக்கும். 1976-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட உண்மை இது. தேன் தூயதாயினும், காய்ச்சியதாயினும் இவ்விடர் நீங்காது. ஆதலின் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. ஆசி வழங்க மூத்தோர் கை குழந்தையின் தலைமேல் இருந்தாலே போதும்.

மரபின் பயனைப் போற்றுவோம், தீங்குடையதை விலக்குவோம். முன்னோர் மகிழ்வது இதனால்தான்.