நம் குடிவழியைக் கண்டறிவோம்



சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. தலைமுறைகள் கடந்தும் அது மாறுவதில்லை. நமக்கோ தந்தையின் பெயரே அடையாளம். முத்துசாமியின் மகன் இராமன். இராமனின் மகன் மாணிக்கம். மாணிக்கத்தின் ஆவணங்களில் முத்துசாமிக்கு இடமில்லை. கடல் கடந்து வந்த முதல் மனிதரின் பெயர் மூன்றாம் தலைமுறையிலேயே மறைந்துவிடுகிறது.

நம் முன்னோர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தனர். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் ‘பெயரன்’. அச்சொல்லே ‘பேரன்’ என மருவிற்று. இவ்வழக்கத்தைக் காத்த குடும்பங்களில் பேரனின் பெயரே முதல் தடயம்.

அடுத்த தடயம் ஊர். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கி நின்றது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நீடித்தது. கங்காணி தம் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி அழைத்து வந்தார். ஆதலால், ஒரே தோட்டத்து லயங்களில் அண்டை ஊர்க்காரர்கள் பலர் வாழ்ந்தனர். நம் வீட்டில் ஊர்ப்பெயர் மறந்துபோயிருப்பினும், அதே தோட்டத்து வேறொரு குடும்பப் பெரியவர் அதனை அறிந்திருக்கக்கூடும். குலதெய்வத்தின் பெயரையும் கேட்டறிய வேண்டும். அக்கோயில் பெரும்பாலும் பூர்வீக ஊரிலோ அதன் அருகிலோ இருக்கும்.

மாவட்டப் பெயர்களில் கவனம் தேவை. பாட்டி ‘வட ஆற்காடு’ என்று சொன்னால், அந்நிலப்பரப்பின் பெரும்பகுதி இன்று வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனப் பிரிந்து கிடக்கிறது.

மூன்றாவது, ஆவணம். ஒவ்வொரு பிறப்புப் பத்திரமும் நம்மை ஒரு தலைமுறை பின்னே அழைத்துச் செல்லும். ஆனால், அக்கால எழுத்தர்கள் காதில் விழுந்தவாறே தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினர். லகர, ளகர, ழகர வேறுபாடுகள் அதில் மறைந்தன. உடன்பிறந்தோர் இருவரின் பத்திரங்களில் தந்தை பெயர் வெவ்வேறாக இருந்தால், அவர் இருவேறு மனிதர் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதை தோட்டத் தமிழர் பல்லாயிரவரைப் பலிகொண்டது. பல வீடுகளில் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டியவர்களே திரும்பி வரவில்லை. எஞ்சிய நினைவுகள் இன்று முதியோர் சிலரிடம் மட்டுமே உள்ளன.

எனவே, வரும் பள்ளி விடுமுறையில் மாணவர்களுக்கு ஒரு பணி கொடுப்போம். பாட்டன் பாட்டியிடம் பெயர், ஊர், குலதெய்வம், வேலை செய்த தோட்டம் ஆகிய நான்கினையும் கேட்டுத் தமிழில் எழுதி வரட்டும். தாய்வழியையும் விட்டுவிடலாகாது, ஆவணங்கள் மறந்த பெண்களின் பெயர்களை வீட்டார் நினைவே காத்து வந்துள்ளது.