ஃபயர் பாலிசிக்குள் இருந்த வெள்ளம்

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். வீட்டை இன்ஷூர் செய்வதா வேண்டாமா என்று போன மாதம் பேச்சு வந்தது. பென்ஷன் பணமாயிற்றே, யோசித்தேன்.

1952 நவம்பர் புயலைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1977 நவம்பர் 12 புயலை நானே கண்டேன். பிறகு 2004 சுனாமி, 2018 கஜா. பெரியவற்றை மட்டும் எண்ணினாலே 66 வருஷத்தில் நான்கு.

அப்படியும் நம்மூரில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் அபூர்வம். காரணம் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஃபயர் பாலிசி' என்றார்கள். ஒட்டு வீட்டில் எங்கே தீப்பிடிக்கப் போகிறது என்று விட்டுவிட்டோம். புயலும் வெள்ளமும் அதற்குள்ளேதான் இருந்தன! பிரீமியம் குறைய வேண்டுமென்றால் அவற்றை மட்டும் கழற்றிவிடவும் வழி இருந்தது. கடற்கரைக்காரன் தீயை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கழற்றுவது வேடிக்கைதான்.

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' வந்திருக்கிறது. தீயோடு வெள்ளம், புயல், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் ஒரே பாலிசியில். மனை விலை இதில் சேராது. இடிந்தால் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. அதனால் நான் பயந்த அளவு தொகை வராது.

எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சதுர அடிக்கு இப்போது என்ன ஆகிறதென்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் பாலிசி கைக்கு வந்துவிட வேண்டும்.