இலக்கணத்திலிருந்து உரைப்பதிப்புக்கு: இங்கிலாந்துப் பள்ளிகளில் மேல்வகுப்பு இலத்தீன் பாடநூலின் வரலாறு

இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வை முடித்துவிட்டு இலத்தீனைத் தொடரும் மாணவர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடக்க வேண்டிய தொலைவு பெரிது. அதுவரை பெரும்பாலும் பாடநூலாசிரியர்கள் அவருக்கென்றே எழுதிய, சொற்களை அளந்து வைத்த கதைகளைப் படித்தவர், ஏ லெவல் எனும் அந்த இரண்டாண்டுப் படிப்பில் பண்டைய ஆசிரியர்களின் உரைநடையையும் செய்யுளையும் மூலத்திலேயே படிக்க வேண்டும். முன்பின் பார்த்திராத பகுதியைத் தேர்வறையில் மொழிபெயர்க்கவும் வேண்டும். இந்த இடைவெளியில் எந்த நூலை வைப்பது? இதைக் கற்பித்தல் முறை பற்றிய கேள்வியாகவே பலரும் பேசுகிறார்கள். ஆனால் கடந்த இரு நூற்றாண்டுகளில் மேல்வகுப்பு நூலைத் தீர்மானித்தது, பல்கலைக்கழக வாசலில் என்ன கேட்கப்பட்டது என்பதுதான். இலத்தீனில் எழுதச் சொன்ன காலத்தில் எழுதப் பழக்கும் நூல் வந்தது. வாசிக்கச் சொல்லும் காலத்துக்கு உரிய நூல் இங்கிலாந்தில் இன்னும் அரைகுறையாகவே வந்திருக்கிறது.

தொடக்கத்தில் தேர்வு செய்யவே இடமிருக்கவில்லை. லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் லில்லியின் பெயரில் வழங்கிய இலக்கணத்தை, 1540 வாக்கில் எட்டாம் ஹென்றி நாடு முழுவதற்கும் ஒரே நூலாக விதித்தார். ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் சிறுவன் வில்லியமிடம் வெல்ஷ் பாதிரியார் கேட்கும் இலத்தீன் கேள்விகளும் அந்த நூலின் வழி வந்தவையே. 1758இல் ஈட்டன் பள்ளி அதைத் திருத்தித் தன் பெயரில் வெளியிட்டது. ஐரோப்பாவின் இயேசு சபைப் பள்ளிகளில் 1572இல் லிஸ்பனில் அச்சான மனுவெல் ஆல்வாரஸின் இலக்கணம் இதே இடத்தைப் பிடித்திருந்தது. இலத்தீன் இலக்கணத்தில் ஊறியவர்களின் கைவண்ணம் தமிழுக்கும் வந்தது. 1716இல் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கணமும், 1738இல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனிலேயே எழுதப்பட்டவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஒவ்வொரு பெரிய பள்ளியும் ஒவ்வொரு இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது பள்ளிகளை ஆராய்ந்த கிளாரண்டன் ஆணையம் தன் அறிக்கையை 1864இல் வெளியிட்டது. பொது இலக்கண நூல் ஒன்று வேண்டும் என்ற கருத்து அந்தச் சூழலில் வலுப்பெற்றது. அந்தப் பணி ஷ்ரூஸ்பரி பள்ளியின் தலைமையாசிரியர் பெஞ்சமின் ஹால் கென்னடியிடம் வந்தது. 1866இல் அவருடைய 'பப்ளிக் ஸ்கூல் லத்தீன் பிரைமர்' வெளிவந்தபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சிறுவர்களுக்கான நூலில் புதுப்புதுக் கலைச்சொற்களைத் திணித்துவிட்டார் என்று நாளிதழ்களில் கடிதங்கள் குவிந்தன.

அந்த நூலில் நிலைத்து நின்றது வேற்றுமைகளின் வரிசை. லில்லியின் மரபில் எழுவாய், உடைமை, கொடை, செயப்படுபொருள், விளி, நீங்கல் என்று வரிசை போகும். கென்னடி விளியையும் செயப்படுபொருளையும் மேலே தூக்கி எழுவாய்க்கு அடுத்து வைத்தார். 'போர்' என்று பொருள்படும் 'பெல்லும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய வரிசையில் பெல்லும், பெல்லி, பெல்லோ, பெல்லும், பெல்லும், பெல்லோ என்று வடிவங்கள் சிதறிக் கிடக்கும். கென்னடியின் வரிசையில் பெல்லும், பெல்லும், பெல்லும், பெல்லி, பெல்லோ, பெல்லோ. ஒரே வடிவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடுகின்றன. மனப்பாடம் பாதியாகக் குறைகிறது. பிரிட்டனில் இந்த வரிசை வேரூன்றியது. அமெரிக்க நூல்கள் பழைய மரபையொட்டி உடைமை வேற்றுமையையே இரண்டாவதாக வைக்கின்றன. 1956இல் வெளிவந்து இன்றும் விற்கும் ஃபிரெடரிக் வீலாக்கின் நூலும் அப்படித்தான். பிரிட்டிஷ் பள்ளியில் படித்த மாணவர் கையில் மேல்வகுப்பில் திடீரென அமெரிக்க நூலைக் கொடுத்தால், பாட்டுப்போல் நினைவில் பதிந்த அடுக்கு குலைந்துவிடும். நூல் வாங்கும் ஆசிரியர்கள் இதைச் சிறிய சங்கதியாக ஒதுக்கக் கூடாது என்றே கருதுகிறேன்.

1888இல் வந்த திருத்திய பதிப்புதான் இன்றுவரை 'கென்னடி' என்று வழங்குவது. அதைப் பெருமளவு எழுதியவர்கள் அவருடைய மகள்கள் மேரியனும் ஜூலியாவும் என்பதைக் செவ்வியல் கல்வி வரலாற்றாய்வாளர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேயின் ஆய்வு வெளிக்கொண்டுவந்தது. அட்டையில் தந்தையின் பெயர் மட்டுமே இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்த நூலின் ஆசிரியைகளுக்கு உரிய இடம் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது வருத்தத்துக்குரியது.

கென்னடி எல்லா வகுப்புக்கும் பொதுவான நூல். மேல்வகுப்பின் தனி அடையாளம் 'பிராட்லியின் ஆர்னல்ட்'. தாமஸ் கெர்ச்செவர் ஆர்னல்ட் 1839இல் வெளியிட்ட உரைநடைப் பயிற்சி நூலை ஜார்ஜ் கிரான்வில் பிராட்லி திருத்தி அமைத்தார். 1938இல் ஜேம்ஸ் மவுண்ட்ஃபோர்ட் மீண்டும் புதுப்பித்தார். விதியைச் சொல்லி, உதாரணம் காட்டி, ஆங்கில வாக்கியங்களை இலத்தீனாக்கச் சொல்லும் முறை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வுகளில் இலத்தீன் ஆக்கம் முக்கியமாக இருந்தவரை இந்த நூல் அசைக்க முடியாததாக இருந்தது. கேம்பிரிட்ஜ் பெர்ஸ் பள்ளியில் 1902 முதல் 1928 வரை தலைமையாசிரியராக இருந்த ரௌஸ் வகுப்பில் இலத்தீனிலேயே பேசிக் கற்பித்துக் காட்டினார். பேச்சு முறை பெருவழக்காகவில்லை; தேர்வுத்தாள் அதைக் கேட்கவில்லையே.

1960இல் இரு பல்கலைக்கழகங்களும் எல்லா மாணவருக்கும் இலத்தீன் கட்டாயம் என்ற நுழைவு விதியைக் கைவிட்டன. பள்ளி இலத்தீனே அழிந்துவிடும் என்ற அச்சம் பரவியது. அந்த நெருக்கடியில்தான் 1966இல் கேம்பிரிட்ஜ் பள்ளிச் செவ்வியல் திட்டம் தொடங்கி, 1970இல் கேம்பிரிட்ஜ் லத்தீன் கோர்ஸ் வந்தது. பொம்பெயி நகரத்து நிதித்தொழிலர் கைகிலியுஸின் வீட்டிலிருந்து கதை தொடங்குகிறது. அவர் உண்மையில் வாழ்ந்தவர். அவருடைய கணக்கு விவரங்கள் பதிந்த மெழுகுப் பலகைகள் 1875இல் கிடைத்தன. முதலில் கதையை வாசி, வடிவத்தைப் பிறகு கவனி என்பது இந்த நூலின் வழி. பள்ளி இலத்தீனைக் காப்பாற்றியதில் இதன் பங்கு பெரிது, சந்தேகமே இல்லை. ஆனால் கதையின் ஓட்டத்தில் பொருளை ஊகித்துப் பழகிய மாணவர், ஒரே வாக்கியத்துக்குள் நாலைந்து துணைத்தொடர்களை அடுக்கும் ரோம வரலாற்றாசிரியர் லிவியிடம் வந்ததும் தடுமாறுகிறார். 1986இல் பீட்டர் ஜோன்ஸும் கீத் சிட்வெல்லும் எழுதிய 'ரீடிங் லத்தீன்', ரோம நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகத்தை எளிமையாக்கித் தொடங்கி, படிப்படியாகச் சிசரோவின் மூலத்துக்கு அழைத்துச் செல்லும். வயது வந்த பிறகு தொடங்குவோருக்கு ஏற்ற வேகம் அதில் உண்டு. ஏற்கெனவே சில ஆண்டுகள் படித்தவருக்குத் தொடக்கப் பகுதி வீண்.

மேல்வகுப்பின் உண்மையான பாடநூல் குறிப்புரையோடு கூடிய மூலப்பதிப்புதான் என்பது என் முடிவு. சார்ட்டர்ஹவுஸ் பள்ளி ஆசிரியர் டி. ஈ. பேஜ் மாக்மில்லன் நிறுவனத்துக்காகப் பதிப்பித்த வர்ஜில், பல தலைமுறைகளுக்கு உழைத்தது. ஆனால் அந்த மரபில் மூலம் முன்னே, குறிப்பு பின்னே, சொல்லடைவு கடைசியில். ஒரே அடிக்கு மாணவர் மூன்று இடம் புரட்ட வேண்டும். அமெரிக்கரான கிளைட் ஃபார் 1930இல் வெளியிட்ட, வர்ஜிலின் ஈனிட் காவியத்தின் முதல் ஆறு காண்டங்களின் பதிப்பு இதை மாற்றியது. பக்கத்தின் மேலே செய்யுள். அதன்கீழே அந்தப் பக்கத்து அருஞ்சொற்களின் பொருள். அதற்கும் கீழே இலக்கணக் குறிப்பு. அடிக்கடி வரும் சொற்கள் மூலத்தில் சாய்வெழுத்தில் நிற்கும். அவற்றின் பொருள் நூலின் கடைசியில் மடித்து வைத்த நீண்ட தாளில் இருக்கும். அதை வெளியே விரித்து வைத்துக்கொண்டால் எந்தப் பக்கத்தைப் படித்தாலும் கண்முன்னே இருக்கும். எந்தச் சொல்லை மனத்தில் ஏற்ற வேண்டும், எதைப் பார்த்துவிட்டு மறக்கலாம் என்பதைப் பக்கமே சொல்லிவிடுகிறது.

இன்றைய ஏ லெவலில் உரைநடை ஆக்கம் விருப்பப் பகுதி மட்டுமே; அதற்குப் பதில் வாசித்துப் பொருள் விளக்கும் வினாக்களை எழுதலாம். ஆகவே பிராட்லியின் ஆர்னல்டை வகுப்புக்கே பொதுநூலாக வைப்பது இனிப் பொருந்தாது. ஆக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜான் டெய்லரின் 'லத்தீன் பியாண்ட் ஜிசிஎஸ்இ' மீதமுள்ள தொடரியலை முடித்து, மூல ஆசிரியர்களின் பகுதிகளுக்கு நகர்த்துகிறது. முதல் ஆண்டின் முதல் பாதிக்கு அது போதும். கென்னடி மேசைமேல் நோக்குநூலாகக் கிடக்கட்டும். மீதிக் காலம் முழுவதும் மூலப்பதிப்புகளுக்கே போக வேண்டும். அவற்றை வாங்கும்போது பதிப்பாசிரியரின் புகழைப் பார்ப்பதற்கு முன், நடுவில் ஏதாவதொரு பக்கத்தை விரித்து, சராசரி மாணவர் பத்து அடியைப் புரட்டாமல் படித்து முடிக்க முடிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.