கொல்லிமலை ஆய்வுகளும் கொடுத்தவர் பெயரும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, அவன் கொடையைப் பாடிய புலவர்கள் வழியாக வந்தது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு சந்திப்பைச் சொல்கிறார். காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் முன் பாணர் கூட்டம் ஓரியைப் பாடுகிறது. பாட்டில் வந்தது தன் பெயர் என்பதால் அவன் நாணுகிறான். மான்கறியும் மதுவும், தன் மலைப் பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான். தன் பெயரைக் கேட்டே கூசியவன் அவன். அதை ஊரறியச் சொன்னவர்கள் பெற்றவர்கள். பின்னர் மலையமான் திருமுடிக்காரியோடு பொருது ஓரி மடிந்தான்; மலை சேரர் வசமாயிற்று. பெயர் மட்டும் தங்கியது. கொடுத்தவரைக் குறிக்கும் கடமை பெற்றவருக்கே உரியது. அதைச் செய்தால்தான் பின்வருவோருக்கு வரலாறு கிடைக்கும்.

ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் வரும் நிதி நன்றி வரியையும் அப்படித்தான் படிக்க வேண்டும். இம்மலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த கொல்லைகளில் மரவள்ளி பரவியது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் அதற்குக் காசு கொடுத்தன. சிறுதானியங்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கிகளையும், பெண்களின் கைக்குத்தல் சுமையைக் குறைக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது. அந்தப் பணிகளுக்கு சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி முகமையும், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும், பின்னர் கனடா அரசும் நிதி தந்திருக்கின்றன. இந்தியா 2018ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, ஐ.நா. 2023ஐ. அதற்கு வெகு முன்பே, எங்கோ வாழும் வரி செலுத்துவோரின் பணம் கொல்லிமலைச் சாமைக்காகச் செலவானது. அதை நன்றி வரிகளில் படித்தறியலாம்.

மானிய நிபந்தனைக்காக எழுதும் வரிக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். நிபந்தனைதான் அதற்கு வலு. நம் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இல் வெளியிட்ட திறந்த அணுக்கக் கொள்கை, கட்டுரையில் மானிய எண்ணையும் குறிக்கச் சொல்கிறது. புலவரின் புகழ்ச்சியில் எவ்வளவு மிகை என்று அளக்க வழியில்லை. மானிய எண்ணைக் கோப்போடு ஒப்பிடலாம். கொடுத்தவரின் விருப்பம் முடிவை வளைத்திருக்கலாம் என்ற ஐயமும் நியாயமானதே. பெயரை மறைத்தால் அந்த வளைவு நேராகிவிடாது. கேள்வி கேட்கும் வழிதான் அடைபடும்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. பணம் தந்தவருக்குப் பெயரும் எண்ணும் உண்டு. தலைமுறை தலைமுறையாக விதையைக் காத்துத் தந்த மலையாளிப் பழங்குடியினர் பல கட்டுரைகளில் 'உள்ளூர் விவசாயிகள்' என்ற இரு சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். தனிநபர் பெயரை அவர் ஒப்புதலின்றி அச்சிடக் கூடாது என்பது சரி. ஊரையும் சமூகத்தையும், எந்த விதை எவரிடமிருந்து வந்தது என்பதையும், அவர்கள் இசைவோடு எழுத அது தடையாகாது. பயிர் ரகங்களைக் காத்த சமூகங்களின் பங்களிப்பை 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமே ஏற்கிறது. அதன்படி ஒரு சமூகம் உரிமை கோரும் நாளில், விதை இம்மலையிலிருந்து போனது என்று அச்சில் இருக்கும் ஒரு வரி அவர்களுக்குச் சான்றாக உதவும்.