பிற்பகல் தேநீரும் நம் வரலாறும்

ஒரு நாட்டின் வரலாறு அதன் அரண்மனைகளில் மட்டும் எழுதப்படுவதில்லை. மக்கள் உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் அது படிந்து கிடக்கின்றது. ஆளுநர்களின் ஆணைகளையும் படையெடுப்புகளையும் பாடநூல்கள் விரித்துரைக்கும். யார் எதனை அருந்தினர், அதனை விளைவித்தவர் யாவர் என்பவற்றை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. சிங்கப்பூரின் புகழ்பெற்ற இராபிள்ஸ் விடுதியில் அளிக்கப்படும் பிற்பகல் தேநீர் விருந்து, இவ்வாறு விடுபட்டுப்போன வரலாற்றுப் பகுதி ஒன்றைத் தேடிச் செல்ல நமக்கு வாயிலாக அமைகின்றது.

பிற்பகல் தேநீர் இங்கிலாந்தில் தோன்றிய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு உயர்குடியினர் இரவுணவு கொள்ளும் நேரம் மெல்ல மெல்லப் பிந்தியது. இடைப்பட்ட பசியைத் தணிக்க, 1840ஆம் ஆண்டளவில் பெட்போர்டு கோமகள் அன்னா தேநீரும் சிற்றுண்டியும் வரவழைத்து உண்டார் என்றும், அதுவே பின்னர் நாகரிகமாகப் பரவிற்று என்றும் கூறுவர். வெள்ளரிக்காய் வைத்த சாண்ட்விச், ஸ்கோன், பாலேடு, ஜாம், கேக் ஆகியன இவ்விருந்தில் இடம்பெறுவன. 'ஹை டீ' என்பது இதனின் வேறானது. இங்கிலாந்துத் தொழிலாளர் வேலை முடிந்து வீடு திரும்பி, ரொட்டியும் இறைச்சியும் தேநீரோடு வயிறார உண்ட மாலையுணவே அது. இன்றோ மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரிய விடுதிகள் பல தம் பிற்பகல் விருந்திற்கு அப்பெயரைச் சூட்டி மகிழ்கின்றன. உழைப்பாளியின் உணவுப் பெயர் செல்வர்தம் மேசைக்கு ஏறிவிட்டது!

இராபிள்ஸ் விடுதியைத் தொடங்கியவர்கள், பாரசீகத்து இஸ்பகான் நகரிலிருந்து வந்த சார்க்கீஸ் எனும் ஆர்மீனிய உடன்பிறப்பினர். 1887ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், கடற்கரைச் சாலையில் பத்து அறைகள் கொண்ட பழைய மாளிகையில் அது திறக்கப்பட்டது. அந்நாளில் விடுதியின் எதிரிலேயே கடல் இருந்தது; பின்னாளில்தான் அது தூர்க்கப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கீழை நாடுகளுக்கு வரும் நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றில் வந்த பயணிகளும், இங்கிருந்த ஐரோப்பிய வணிகரும் தோட்டத் துரைமாரும் இத்தகைய விடுதிகளை நாடினர். கட்டடக் கலைஞர் பிட்வெல் வடிவமைத்த முதன்மைக் கட்டடம் 1899இல் எழுந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் நண்பகல் உணவிற்கு வழங்கிய 'டிபன்' என்னும் சொல்லே விடுதியின் உணவுக்கூடத்திற்கும் பெயராயிற்று. 1987இல் அரசு இவ்விடுதியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

கட்டடத்தின் கதை இது. கிண்ணத்தின் கதையோ வேறிடத்தில் தொடங்குகின்றது.

நெடுங்காலம் ஐரோப்பியர் சீனத்துத் தேயிலையையே நம்பியிருந்தனர். 1839இல் அஸ்ஸாம் தேயிலை இலண்டனில் முதன்முதலாக ஏலம் விடப்பட்டது. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் அத்தீவின் காப்பித் தோட்டங்களை இலைநோய் அழிக்கவே, மலைச்சரிவுகளெல்லாம் தேயிலைக்காடாயின. காப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து சென்றிருந்த மக்களும், அவர்களைத் தொடர்ந்து கங்காணிகள் அழைத்துச் சென்றோருமே அத்தேயிலைக்கு உழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிரிட்டனின் சந்தையில் சீனத் தேயிலையை இந்திய, இலங்கைத் தேயிலைகள் விஞ்சிவிட்டன. மலாயாவிலும் 1929இல் கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கும் கொழுந்து கிள்ளியவருள் தமிழர் பலர்.

ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து கிலோ வரை பச்சைக்கொழுந்து வேண்டும். ஒரு கிண்ணத் தேநீருக்கு இரண்டு கிராம் தூள் எனக் கொண்டால், அதற்கு எட்டு முதல் பத்துக் கிராம் வரை கொழுந்தை ஒரு கை கிள்ளியிருத்தல் வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அவர்தம் குடும்பங்கள் பெற்ற நன்றி யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

விடுதியில் தங்கிச் சென்ற எழுத்தாளர்களின் பெயர்கள் பெருமையோடு போற்றப்படுகின்றன, அது தவறன்று. ஆயின் கொழுந்து கிள்ளியோரின் பெயர்களை எழுதி வைத்தவர் எவர்? இதனைக் கூறுவது விருந்துண்போர் மீது வெறுப்பு வளர்ப்பதற்கன்று. கிண்ணத்தைப் பற்றிக் கற்பிக்கும்போது அதனை நிரப்பிய கைகளையும் கற்பித்தலே முழுமையான வரலாறு. தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாணவர்கள் அவர்களை நாடி, கொழுந்து நிறுத்த முறையையும் பெற்ற கூலியையும் வாழ்ந்த வாழ்வையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்டுதல் வேண்டும். காலம் தாழ்த்தினால், கேட்பதற்கு நாம் இருப்போம். சொல்வதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.