திரும்பி வருவீங்களா? விசா கேள்விக்குப் பின்னால் ஒரு நூறு வருஷக் கதை

இந்த எபிசோடை ஒரு சட்டத் திருத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1959-ஆம் ஆண்டு. மலாயா சுதந்திரம் அடைந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. குடிவரவுச் சட்டத்தில் அந்த நாடு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. கணவர் மலாயாவில் இருக்கிறார், மனைவி வெளிநாட்டில் இருக்கிறார், 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருஷம் இரண்டு பேரும் பிரிந்தே வாழ்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த மனைவி இனிமேல் குடும்பமாக வாழ உள்ளே வர முடியாது. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் கதவு மூடியாச்சு. குடும்பங்கள் பிரிந்து கிடக்காமல் ஒன்றாக வாழணும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இன்றைய பாஷையில் சொன்னால், லாங் டிஸ்டன்ஸில் அஞ்சு வருஷம் தாக்குப்பிடிச்சதே அந்தப் பெண்களுக்கு எதிரான ஆதாரமாக ஆகிவிட்டது.

இதை ஏன் இப்போ சொல்றேன்? நான் ராசிபுரத்துக்காரி. என் பார்ட்னர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். அவரைப் போய் பதினைந்து நாள் பார்த்துட்டு வர ஷெங்கன் விசாவுக்கு ஃபைல் தயார் பண்ணிட்டிருக்கேன். விசாரிக்கப் போன இடத்தில் ஒரு ஏஜென்ட் சொன்னார்: "பார்ட்னரைப் பார்க்கப் போறேன்னு மட்டும் எழுதிடாதீங்கம்மா. டூர்னு போடுங்க. ஹோட்டல் புக்கிங் நான் ரெடி பண்ணித் தர்றேன்." உங்களில் நிறைய பேர் இதே அறிவுரையைக் கேட்டிருப்பீங்க. ஒருத்தரைப் பார்க்கப் போகிறோம் என்பதை ஏன் மறைக்கணும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நம்ம ஊர்க்காரர்களோட கதைக்குள்ளேயே போய் நிற்க வேண்டியிருக்கு.

தகர வில்லை காலம்

சேலம், நாமக்கல் சமவெளியின் பெரும்பகுதி மானாவாரி பூமி. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-இல்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் மிக மோசமாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அதற்கு முன்னாடியே ஆரம்பித்த புலம்பெயர்வு, அதற்குப் பிறகு இன்னும் வேகமெடுத்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு பகுதிகளிலிருந்து ஆட்கள் இரண்டு திசையில் போனார்கள். ஒன்று இலங்கை, ஊரில் அதற்குப் பேர் கண்டிச் சீமை. இன்னொன்று மலாயா.

கூட்டிக்கொண்டு போனவர் கங்காணி. அவரும் அதே பகுதி ஆள்தான், சொந்தக்காரராகக்கூட இருப்பார். முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் தோட்டம் வரைக்கும் கூடவே வரும். இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். 1914-இலிருந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழிலாளியின் கையில் எண் பொறித்த ஒரு சின்னத் தகர வில்லையைக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதை அந்த எண் சொல்லிவிடும். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. தகர வில்லை போதும்.

அன்றைக்கு யாரும் "திரும்பி வருவாயா?" என்று கேட்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எந்த மாதிரி ஆள் வேண்டும் என்பதில் இரண்டு நாடும் வேறுபட்டன. தேயிலை கிள்ள பெண்களின் உழைப்பு தேவைப்பட்டது, அதனால் இலங்கைக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆண்கள் தனியாகத்தான் போனார்கள். 1931 கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐநூறுக்கும் குறைவான பெண்கள்தான் இருந்தார்கள். அப்படியென்றால் அந்த ஆண்களில் பலரோட மனைவி எங்கே இருந்திருப்பார்? நம்ம ஊரில். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, இருக்கிற கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மணியார்டருக்குக் காத்துக்கொண்டு. தோட்டக் கூலியில் இரண்டு இடத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஒருத்தர் அங்கே, ஒருத்தர் இங்கே என்பது அவர்கள் விரும்பி எடுத்த முடிவு என்று சொல்வதைவிட, கணக்குப் போட்டால் அது ஒன்றுதான் கட்டுப்படியானது என்று சொல்லலாம்.

நடுவில் ஓடியது கப்பல். 1926-இல் வந்த 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. ஆயிரக்கணக்கான பேர் டெக்கில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனார்கள். சில வருஷம் உழைப்பு, ஊருக்கு வருவது, மறுபடியும் போவது. அந்தப் போக்குவரத்துதான் அவர்களோட திருமண வாழ்க்கை.

பிறகு போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவுக்குள் இறங்கியது. 1945 வரை கடிதமும் பணமும் நின்றுபோயின. பல்லாயிரம் தமிழர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். நிறைய பேர் திரும்பவில்லை. ஊரில் இருந்த பெண்ணுக்கு, தன் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத வருஷங்கள் அவை.

காகிதம் வந்த பிறகு

பாஸ்போர்ட் என்பது முதல் உலகப் போருக்குப் பிறகுதான் உலகம் முழுக்க வழக்கமானது. இந்தியாவில் 1920-இல் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளிகளை அது பெரிதாகத் தொடவில்லை. அவர்களுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடியது அதற்குப் பிறகு.

1938-இல், உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசே நிறுத்தியது. அங்கே கூலியைக் குறைத்தது அதற்கு ஒரு காரணம். 1939-இல் இலங்கைக்கும் தடை. 1948-இல் சுதந்திர இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டமும் ஒரு குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் கொண்டுவந்தது. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அதுவரை ஊர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள், இனி திரும்பிப் போகவே காகிதம் வேண்டும் என்ற நிலைமைக்கு வந்தார்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். இதில் ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று ஆன கதைகள் ஏராளம்.

மலாயாவில் புதிய குடிவரவுச் சட்டம் 1953-இல் நடைமுறைக்கு வந்தது. இனி புதுத் தொழிலாளிகள் வேண்டாம், சில குறிப்பிட்ட தகுதி உள்ளவர்களும் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் மனைவி, சின்னப் பிள்ளைகளும் வரலாம் என்றது. அந்தக் கடைசி வாசலைத்தான் 1959 திருத்தம் இன்னும் குறுக்கியது. முதலில் சொன்னேனே, அந்த ஐந்து வருஷக் கணக்கு.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். ஆண்களை மட்டும் தனியாக வரவழைத்தது தோட்டப் பொருளாதாரம். குடும்பத்தோடு வாழ முடியாத கூலியைக் கொடுத்ததும் அதுதான். ஆனால் அந்தப் பிரிவுக்கான கணக்கு வந்து நின்றது ஊரில் இருந்த மனைவியின் தலையில். இவ்வளவு நாள் பிரிந்து இருந்தவள் இப்போ எதற்கு வரணும் என்பதுதான் சட்டத்தின் பார்வை.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. இந்திய பாஸ்போர்ட் அப்போது உரிமை இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில்தான், வெளிநாடு போவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருஷமே புதிய பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

உறவை நிரூபி

இது மலாயாவோடு நிற்கிற கதை இல்லை. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்கிற மாதிரி ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஊரிலிருந்து மனைவியை அழைத்து வரும் உரிமை சம்பந்தப்பட்ட வழக்கு அது. அந்தக் கோபம்தான் பெண்களை காந்தியின் சத்தியாகிரகத்துக்குள் கொண்டுவந்தது. தில்லையாடி வள்ளியம்மை சிறை போனதும், விடுதலையான கொஞ்ச நாளிலேயே 1914 பிப்ரவரியில் இறந்துபோனதும் அந்தப் போராட்டத்தில்தான்.

1979 ஜனவரி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். நிச்சயிக்கப்பட்டவரைத் திருமணம் செய்ய வந்திருந்த ஓர் இந்திய ஆசிரியை. அவர் உண்மையிலேயே கல்யாணம் ஆகாதவரா என்று 'சோதிக்க' அவருக்கு கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். செய்தி வெளியே வந்ததும் பெரிய கண்டனம் எழுந்தது, அந்த நடைமுறை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் 1980-களில் பிரிட்டனில் 'முதன்மை நோக்கம்' என்று ஒரு விதி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற வாழ்க்கைத் துணை, இந்தக் கல்யாணத்தின் முக்கிய நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது இல்லை என்று நிரூபிக்கணும். ஒரு விஷயம் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? 1997 ஜூனில்தான் அதை எடுத்தார்கள்.

இன்றைய படிவம்

இப்போ நம்ம ஃபைலுக்கு வருவோம். அமெரிக்காவின் 1952 குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. டூரிஸ்ட் விசா கேட்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்று எடுத்துக்கொண்டுதான் அதிகாரி ஆரம்பிப்பார். இல்லை என்று காட்டவேண்டியது நம்ம பொறுப்பு. ஷெங்கனில் 2009-இல் வந்த விசா விதித்தொகுப்பு, 32-வது பிரிவு. விசா முடிவதற்குள் திரும்பிவிடுவாரா என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தால் மறுக்கலாம். கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது.

திரும்பி வருவோம் என்பதற்கு எதையெல்லாம் ஆதாரமாகப் பார்ப்பார்கள்? நிரந்தர வேலை, வருமான வரிக் கணக்கு, சொத்து, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். எங்க பக்கம் இது எப்படிப் பொருந்தும்னு பாருங்க. பட்டா தாத்தா பேரிலோ அப்பா பேரிலோ இருக்கும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் நிறைய வீடுகளில் கணக்குத் தாக்கல் செய்த பழக்கமே இருக்காது. கல்யாணம் ஆகாத, இருபதுகளில் இருக்கிற, சொந்தமா சொத்து இல்லாத பெண்தான் இந்தத் தராசில் ரொம்ப லேசான ஆள். ஊரில் அவளைக் கட்டிப்போடாத அதே சுதந்திரம், விசா கவுன்டரில் சந்தேகமாக மாறுகிறது. அதோடு காதலரும் அந்தப் பக்கம் இருக்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். போவதற்கான காரணமே, மறுப்பதற்கான காரணமாகவும் இருக்கிறது.

அந்த ஏஜென்ட்டின் அறிவுரை இந்த நூறு வருஷ அனுபவத்திலிருந்துதான் வருகிறது. உறவைச் சொன்னால் சந்தேகப்படுவார்கள், அதனால் உறவை மறை. ஆனால் நான் மறைக்கப் போவதில்லை. காரணம் வீரம் இல்லை, கணக்குதான். மறைத்தது தெரிந்தால், "திரும்ப மாட்டாரோ" என்ற சந்தேகம் "பொய் சொன்னார்" என்ற பதிவாக மாறும். அமெரிக்காவில் முக்கியமான உண்மையை மறைத்து விசா வாங்கப் பார்த்தது நிரூபணமானால் நிரந்தரத் தடைகூட வரலாம். சந்தேகத்தை அடுத்த தடவை இன்னும் நல்ல ஆதாரத்தோடு சந்திக்க முடியும். பொய் என்ற பதிவு அப்படிப் போகாது.

ஷெங்கன் படிவத்தில் பயண நோக்கத்துக்கு 'குடும்பத்தினரை அல்லது நண்பர்களைப் பார்க்க' என்று ஒரு கட்டம் இருக்கு. அதைத்தான் டிக் பண்ணப் போறேன். அவரோட அழைப்புக் கடிதம், என் ஆபீஸ் கொடுத்த லீவ் கடிதம், மூணு வருஷ சம்பளக் கணக்கு, போன தடவை அவர் ஊருக்கு வந்துபோன டிக்கெட். கவர் லெட்டரில் எத்தனை வருஷமாகப் பழகுகிறோம், எந்தத் தேதியில் திரும்பி வேலைக்குச் சேரணும் என்று நேராக எழுதியிருக்கேன். ஷெங்கனில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கணும், மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. 1959-இல் நாமக்கல் பக்கம் இருந்த ஒரு பெண்ணைவிட என் கையில் நிறையவே இருக்கு.

அந்தப் பெண்கள் கடிதம், மணியார்டர் ரசீது, எப்போதாவது வந்த ஒரு ஸ்டூடியோ போட்டோ இதை வைத்துத்தான் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றினார்கள். அதெல்லாம் அன்றைய சட்டத்தின் கண்ணில் ஆதாரமாகப் படவில்லை. இன்றைக்கு நமக்கு அதுதான் வரலாறு. உங்க வீட்டு டிரங்க் பெட்டியில் மலாயா, கண்டிச் சீமை காலத்துப் பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், கடிதம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு போட்டோ எடுத்து வைங்க. பாட்டி உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: அந்த வருஷங்களில் தாத்தாகிட்ட இருந்து எத்தனை கடிதம் வந்துச்சு, நீங்க அங்கே போகணும்னு கேட்டீங்களா, அதுக்கு என்ன பதில் வந்துச்சு?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.