தொடக்க வகுப்புகளில் ஒழுங்கு: பிரம்பு முதல் பாய் வரை

தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். சேர்ந்து உட்காரவும், முறை வைத்துப் பேசவும், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கவும் அவர்களைப் பழக்க ஆசிரியர் செய்யும் ஏற்பாடுகள் அனைத்தும் சேர்ந்ததே வகுப்பறை மேலாண்மை. இது ஆசிரியர் பயிற்சிப் பாடநூல் வைத்த பெயர். பள்ளிக்கூட வாசலில் புழங்கும் பேச்சு வேறு. ஒரு டீச்சரின் வகுப்பு 'கப்சிப்' என்றிருக்கும், இன்னொருவருடையது 'சந்தைக்கடை'. முதலாமவர் நல்ல டீச்சர் என்ற முடிவு தமிழ்நாட்டில் வெகுகாலம் மாறாமலிருந்தது.

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கும் ஜேடர்பாளையத்திலும் நிலைமை வேறாக இல்லை. படுகை அணையும் அங்கிருந்து பிரியும் ராஜவாய்க்காலும் ஊரின் அடையாளங்கள். வாய்க்கால் தண்ணீரில் கரும்பும் வாழையும் வெற்றிலையும் விளைகின்றன. கரும்பு இருக்கும் இடத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாய்களும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டை, லாரி, அடுத்தபடியாகப் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள். கண்டிப்பு இருந்தால்தான் படிப்பு வரும் என்ற எண்ணம் ஊன்றிய வட்டாரம் இது. ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவது பழைய தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். அதே தகப்பன் வீட்டில் அந்தப் பிள்ளையை "வாங்க கண்ணு, சாப்பிடுங்க சாமி" என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிடுவார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு என்றாலே தண்டனைதான். சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டார். அடுத்த ஆண்டு பெல்லாரி கலெக்டர் கேம்பெல் அனுப்பிய பதிலில் காலை வருகைக்கான விதிமுறை ஒன்று வருகிறது. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அது கௌரவம். இரண்டாமவன் கையில் ஒரு சுழி; பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். இருபதாவதாக வந்து சேர்ந்த பையனின் கணக்கை வாசகரே போட்டுப் பார்க்கலாம். சோம்பேறி என்று பெயரெடுத்தவனைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் அந்த அறிக்கையில் உண்டு. தமிழில் அதற்குக் கோதண்டம் என்று பெயர்.

அதற்கு முன்பே சென்னையில் வேறொரு சோதனை நடந்திருந்தது. எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதியின் மேற்பார்வையாளராக 1789இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். சட்டாம்பிள்ளையை வைத்துப் பள்ளி நடத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல; பெல் அதை முறைப்படுத்தி 1797இல் லண்டனில் புத்தகமாக்க, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது கடல் கடந்து பரவியது. குற்றங்களைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை சக மாணவர்களையே நடுவர்களாக்கித் தீர்ப்புச் சொல்ல வைத்தார் பெல். டீச்சர் வெளியே போனதும் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதும் கிளாஸ் லீடர், அந்தச் சட்டாம்பிள்ளையின் நேர் வாரிசு. பகைக்காரன் பெயரை முதலில் எழுதும் வழக்கமும் அநேகமாக அப்போதே வந்திருக்கும்.

பிரம்பைச் சட்டம் கைவிட்டது மிக அண்மையில்தான். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003இல் திருத்தப்பட்டு, பிள்ளையைத் திருத்துவதற்காக என்ற பெயரில் உடலுக்கோ மனதுக்கோ வலி தருவது தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு நாடு முழுவதற்கும் அதையே சொல்கிறது. மீறும் ஆசிரியர்மீது துறை நடவடிக்கை உண்டு. தடை ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும் அரசுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. பிரம்பைக் கீழே போடச் சொல்வது சட்டத்துக்கு எளிது. முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் டீச்சர் அதற்குப் பதிலாகக் கையில் எதை எடுப்பது?

அந்தக் கேள்விக்கான பதில்களில் ஒன்று அதே 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி வேலிக் கிராமப்புறக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கியிருந்த அட்டை வழிக் கல்வியை முன்மாதிரியாகக் கொண்டு, அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் கொண்டுவந்த செயல்வழிக் கற்றல் அது. 2007–08இல் அது மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. இதைப் பாடம் நடத்தும் முறை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். உண்மையில் அது ஒழுங்கு முறையாகவும் இருந்தது.

பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது. டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. அதில் ஆளுக்கொரு கட்டம். வந்ததும் வருகையைத் தானே பதிய வேண்டும். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும், சுவரில் மாட்டிய ஏணிப் படத்தில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து, அட்டையிலுள்ள சின்னம் காட்டும் குழுவில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழுவில் தொடங்கித் தானே படிக்கும் குழு, மதிப்பீட்டுக் குழு வரை ஆறு குழுக்கள். வரைந்ததையும் எழுதியதையும் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கவிடலாம்.

சின்ன வகுப்புச் சேட்டையில் பெரும்பகுதி காத்திருப்பில் பிறப்பது. ஒருவன் எழுதி முடித்துவிட்டான், மற்றவர்கள் முடிக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில்தான் முன்னால் இருப்பவளின் பின்னல் இழுபடும். தன் அட்டை முடிந்ததும் அடுத்த அட்டைக்குப் போகலாம் என்னும்போது அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் போகிறது. எழுந்து நடப்பது குற்றமாக இருந்த வகுப்பில் எழுந்து நடப்பதே வேலையாகிவிட்டது. சத்தம் குறையவில்லை, சத்தத்துக்கு ஒரு காரியம் கிடைத்தது.

இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். வகுப்பறைகளைப் படம் பிடித்து ஆராய்ந்து 1970இல் அவர் வெளியிட்ட நூலின் முடிவு எளியது: தவறு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல ஆசிரியருக்கும் மற்றவருக்கும் பெரிய வேற்றுமை இல்லை; தவறு நடக்க இடம் தராமல் வகுப்பை ஓட்டுவதில்தான் வேற்றுமை. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே மற்ற மூலைகளில் நடப்பதும் தெரிந்திருப்பதை அவர் முக்கியத் திறமையாகச் சொன்னார். நம்மூர்ப் பிள்ளைகள் இதை முதுகில் கண் என்பார்கள். தவறுக்கு இடம் தராதபடி வகுப்பை அமைக்கும் எண்ணம் தமிழ்நாட்டுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறு வந்து, கைக்கு எட்டும் உயரத்தில் பொருள், தானே தேர்ந்தெடுத்த வேலை என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் அது கட்டணம் கட்டும் பள்ளிகளைத் தாண்டி அதிகம் இறங்கவில்லை.

செயல்வழிக் கற்றலுக்கும் எதிர்ப்பு இருந்தது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. பதிவேட்டு வேலை ஆசிரியர்களை அழுத்தியது. பிள்ளைகள் விளையாடத்தான் செய்கிறார்கள், படிப்பதே இல்லை என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். 2012இல் முறை எளிமையாக்கப்பட்டது.

அடுத்த சோதனையைக் கொரோனா கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. வரிசையில் நிற்பது, தண்ணீர்ப் பாட்டிலைக் கேட்டு எடுப்பது, மணி அடிக்கும்வரை ஓரிடத்தில் இருப்பது எதுவும் பழக்கமில்லை. 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம் என்று வகுப்பின் மூலைகளுக்கு வேலை கொடுத்தது. மக்கு என்ற சொல்லைத் தவிர்க்கத்தான் பூப் பெயர்கள். எந்தப் பூ எந்த இடம் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். திட்டத்தின் செயலியில் மதிப்பீட்டைப் பதியும் வேலை வகுப்பு நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குறைபட்டன. போனைப் பார்த்துக் குனிந்த டீச்சருக்கு முதுகில் கண் இருக்க முடியாது.

சேட்டை என்று பெயர் வாங்குவது எல்லாம் சேட்டையுமல்ல. கரும்பு வெட்டுக்கும் ஆலைக்கொட்டாய்க்கும் விடியுமுன் கிளம்பும் வீடுகளின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தால், பதினோரு மணிக்கு வகுப்பு கலையும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், உப்புமாவும் பொங்கலும் கொடுத்து அந்தப் பதினோரு மணிக்கு ஒரு வழி செய்தது. வெல்ல ஆலைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை செய்ய வடமாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் சேரும் வகுப்பில் இன்னொரு சிக்கல். "உட்காரு" என்றதும் உட்காராத பிள்ளைக்குத் திமிர் இல்லை, தமிழ் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு தோழனை உட்கார வைத்தால் சில வாரங்களில் சரியாகும் காரியம் அது.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பும் அந்த இருவர் கையில்தான். அதே சட்டம் அமைக்கச் சொன்ன பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். தோலை உரிக்கச் சொன்ன தகப்பனும் அந்தக் குழுவில் உட்காரலாம்; பாய், அலமாரி, கூடுதல் ஆசிரியர் என்று தீர்மானம் போட்டுக் கேட்கலாம். அடிக்க அனுமதி மட்டும் கொடுக்க முடியாது: 17ஆவது பிரிவில் பெற்றோர் சம்மதம் என்ற விலக்கு இல்லை.